எல்லாம் அடங்கிய விலையில் அடங்காதவை

மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தவர்களிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரு குறையும் சொல்லமாட்டார்கள். குறை தொடங்குவது சாப்பாட்டு மேசையில். பிறகு பானங்களுக்குப் போய், கடைசி நாள் பில்லில் வந்து முடியும். “எல்லாத்துக்கும் சேர்த்துத்தானே கட்டினோம், அப்புறம் இது எதுக்கு?” என்ற கேள்வியில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம். வருடக்கணக்கில் சேர்த்த பணம், பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்ற ஆசை, எல்லாம் அந்த வருத்தத்தில் இருக்கிறது. இதை ஏதோ ஒரு ரிசார்ட்டின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நானும் பணம் கட்டிக் கற்றுக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன்: ஆல் இன்க்ளூசிவ் என்ற விலைமுறைக்குள்ளேயே இந்த ஏமாற்றத்தின் வேர் இருக்கிறது. மது அருந்தாத, பாதிப் பேர் சைவமாக இருக்கிற, சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு அந்த விலைமுறை பெரும்பாலும் பொருந்தாது.

சாதாரண உணவகத்தில் நீங்கள் கேட்கும் இரண்டாவது காபி முதலாளிக்கு வரவு. எல்லாவற்றுக்கும் முன்பே பணம் வாங்கிவிட்ட இடத்தில் அதே இரண்டாவது காபி செலவு. இந்த ஒரு மாற்றம் போதும், சமையலறையிலிருந்து கடற்கரை பார் வரை எல்லாம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவாகலாம் என்று சமையலறைக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது, அவர்கள் அதற்குள் நிற்கிறார்கள். பஃபே மேசையைக் கவனித்துப் பாருங்கள். வாசலுக்கு நேரே ரொட்டி, பாஸ்தா, சோறு, உருளைக்கிழங்கு. இறாலும் நல்ல மீனும் ஓரத்தில், தட்டில் எடுத்துப்போட ஓர் ஆள் நிற்கும் இடத்தில் இருக்கும். காலையில் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்கும் ஜூஸ் இயந்திரத்தையும் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக ஒரு பாகு இறங்கும், நொடிக்குள் தண்ணீர் வந்து கலக்கும். பழம் பிழிந்த ஜூஸ் வேண்டுமென்றால் அதே மெனுவில் நட்சத்திரக் குறியோடு இருக்கும், குறிக்கான விளக்கம் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: கூடுதல் கட்டணம்.

அப்படியானால் ஆல் இன்க்ளூசிவுக்காகக் கூடுதலாகக் கட்டும் தொகை எதற்குப் போகிறது? பெரும்பகுதி மதுவுக்கு. இந்த வகை விடுதிக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்கூதியா கடற்கரையில் ழெரார் பிளிட்ஸ் கூடாரங்கள் அடித்துத் தொடங்கிய கிளப் மெட். அங்கேகூட சாப்பாடும் விளையாட்டும் கட்டணத்தில் சேர்ந்திருக்க, பார் கணக்கு மட்டும் தனியாக இருந்தது. கழுத்தில் மாலையாகக் கோத்த மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துத்தான் பானம் வாங்க வேண்டும். மதுவும் சேர்ந்த முழுத் திட்டம் ஜமைக்காவில் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வேரூன்றி, கரீபியன் முழுக்கப் பரவியது. மாலத்தீவில் இதன் எடை இன்னும் கூடுகிறது. அது முஸ்லிம் நாடு. வெளியிலிருந்து மதுப்புட்டி கொண்டுபோக முடியாது, மக்கள் வாழும் தீவுகளில் விற்பனையும் இல்லை, பெரும்பாலும் ரிசார்ட்டுகளில்தான் உண்டு. அதனால் ஒரு காக்டெயிலின் விலை ஏறிக் கிடக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் அடங்கிய ஃபுல் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் நிரப்புவது அந்தக் காக்டெயில்தான். மாலையில் ஒரு எலுமிச்சை ஜூஸோடு எழுந்துவிடும் நம் வீட்டுப் பெரியவர்களும் அந்த இடைவெளிக்கு முழுக்கட்டணம் கட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, வரி எல்லாம் சேர்த்து இந்த இடைவெளி ஒரு பெரியவருக்கு நாளைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜூஸ் 10 டாலர். அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி. ஆக 12 டாலர் 87 சென்ட். அந்த 80 டாலரை ஈடுகட்ட ஒருவர் தினமும் ஆறு கிளாஸுக்கு மேல் குடிக்க வேண்டும். மது இல்லாமல் அது நடக்கிற காரியமா? கணவன் மனைவி இருவருக்கும் நான்கு இரவுக்கு 640 டாலர். பிள்ளைகளைக் கடலுக்குள் ஆமை பார்க்கக் கூட்டிப்போவதற்கு அந்தப் பணம் தாராளமாக உதவும்.

“தீவில் கடையே கிடையாது, வேறு என்னதான் வழி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1972-இல் குரும்பா திறந்ததிலிருந்து மாலத்தீவு ரிசார்ட் என்றாலே ஒரு தீவு, ஒரு விடுதி என்பதுதான் வழக்கம். பசித்தால் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு பன் வாங்க முடியாது. ஆனால் இந்த வாதம் சாப்பாடு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது, பாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. ஃபுல் போர்டு எடுத்தால் மூன்று வேளையும் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்: பல இடங்களில் ஃபுல் போர்டில் சாப்பாட்டு மேசைக்கு வரும் தண்ணீருக்குத் தனிப் பில். அறையில் வைக்கும் குடிநீர் இலவசம், உணவகத்தில் அதே தண்ணீருக்குக் காசு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கணக்கில் சேர்த்த பிறகும் நான் சொன்ன குடும்பத்துக்கு ஃபுல் போர்டுதான் மலிவாக வரும். சைவக்காரர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மீனும் தேங்காயும் தவிரப் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற நாடு அது. அங்கே சைவம் என்றால் அவித்த காய், சாலட், சீஸ் போட்ட பாஸ்தா என்று நின்றுவிடக்கூடும். காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம். விடுதியில் இந்தியச் சமையல்காரர் இருக்கிறாரா, பருப்பும் சோறும் தினம் உண்டா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேட்பது நல்லது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வருடம் முழுக்க அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு நான்கு நாளாவது விலையைப் பார்க்காமல், யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிடும் நிம்மதி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆல் இன்க்ளூசிவ் திட்டத்தை விற்பதே அந்த நிம்மதியைச் சொல்லித்தான். ஆனால் அங்கே நடப்பது என்ன? “போட்ட காசை எடுக்கணும்” என்ற நினைப்பு அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பசிக்காத பிள்ளையை மூன்றரை மணித் தேநீருக்கு எழுப்புகிறோம். இலவசப் படகுச் சவாரியின் நேரத்துக்காக மதியத் தூக்கத்தை விடுகிறோம். ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கிய வாயால் இன்னொன்று எடுத்துக்கோ என்கிறோம். விடுதியும் எண்ணுகிறது, நாமும் எண்ணுகிறோம். கணக்கே வேண்டாம் என்று போன இடத்தில் நான்கு நாளும் அதே வேலை. இதைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன், டாலரைவிட. அந்த எண்ணிக்கையை ஊரிலேயே ஒரு மாலை உட்கார்ந்து தாளில் முடித்துவிட்டால், பில் கொஞ்சம் கூடினாலும் மனம் அதிராது. மூன்று வேளைச் சாப்பாடு உறுதி என்ற நிம்மதி ஃபுல் போர்டிலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும். அதே சமயம், மது அருந்தும் பழக்கமுள்ள நான்கு நண்பர்கள் சேர்ந்து போகிறார்கள் என்றால் ஆல் இன்க்ளூசிவ் அவர்களுக்குச் சரியான திட்டம்தான். அதை மறுக்கவில்லை.

நாட்கணக்கிலும் சொல்வது ஒன்று, நடப்பது வேறு. விளம்பரத்தில் ‘நான்கு இரவு, ஐந்து பகல்’ என்று போட்டிருக்கும். அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு, காலி செய்வது பன்னிரண்டுக்கு. தூரத்துத் தீவு என்றால் கடல்விமானம், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலே வந்துசேர மாலையாகிவிட்டால் அந்த இரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ வேறு அறை, வேறு செலவு. புறப்படும் நாளில் அதிகாலைக் கடல்விமானம் ஒதுக்கப்பட்டால் அன்றைய மதியச் சாப்பாடும் போச்சு. ஐந்து பகலில் முழுசாகக் கையில் நிற்பது மூன்று. சென்னை, மதுரைக் குடும்பங்களுக்கு இதோடு பள்ளி விடுமுறையும் சேர்கிறது. மே மாதம் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலம். விலை இறங்கியிருக்கும், காற்றும் அலையும் ஏறியிருக்கும். திட்டத்தில் சேர்த்துச் சொன்ன படகுப் பயணம் வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் வாயால் கேட்காதீர்கள், விடுதிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே அறைக்கு ஹாஃப் போர்டு (காலையும் இரவும் மட்டும் சாப்பாடு), ஃபுல் போர்டு, ஆல் இன்க்ளூசிவ் மூன்றின் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். வரியும், போய்வரும் படகு அல்லது கடல்விமானக் கட்டணமும் அதில் சேர்ந்தவையா என்று கேளுங்கள். பசுமை வரி சேர்ந்ததா என்பதைத் தனியாகவே கேளுங்கள். 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் அது தலைக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு, மற்றபடி நால்வருக்கு நான்கு இரவு என்றால் 192 டாலர். பன்னிரண்டு வயதைத் தொடப்போகும் பிள்ளை இருந்தால் எந்தத் தேதியின் வயதைப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள், ஏனெனில் பல விடுதிகளில் பன்னிரண்டு முதல் பெரியவர் கட்டணம். ஆல் இன்க்ளூசிவ் விருந்தினருக்குக் கட்டும் கைப்பட்டை எத்தனை உணவகங்களில் செல்லும், துடுப்புப் படகும் நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடியும் இலவசம் என்றால் ஜெட் ஸ்கீக்கு எவ்வளவு, கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்த பின் படகு வரும் வரை பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் யார் கணக்கில் என்பதையும் கேளுங்கள். பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஏதாவது குறை என்றால் முதல் நாள் இரவே பொறுப்பு மேலாளரைப் பார்த்து அந்தத் தாளைக் காட்டுங்கள். அறையை மாற்றவும் பருப்பு வைக்கவும் அப்போது அவர் கையில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.