வலைப்பூ வருமானம்: ஏற்றமும் இறக்கமும்

இப்பகுதியில் சரக்கு, விலை, வரி என்றே எழுதி வருகிறோம். இம்முறை தராசும் கல்லாவும் இல்லாத ஒரு வியாபாரத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. காரணம், சேலையூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர். இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். டிசம்பர் கடைசியில் வந்து உட்கார்ந்தவர், "கடையை வாடகைக்கு விட்டுடலாமான்னு பார்க்கிறேன், அண்ணாச்சி" என்றார்.

அவருடைய மகன் இணையத்தில் சமையல் குறிப்பு எழுதுகிறான், வலைப்பூ என்கிறார்கள். கூடவே யூடியூப் படமும் போடுகிறான். அந்த மாதம் அவனுக்கு 41,000 ரூபாய் வந்திருக்கிறது. கடையில் செலவு போக நின்றது அதைவிடக் குறைவு. பின் எதற்குக் காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நமக்கு அவர் தர வேண்டிய பாக்கி 1,35,000 ரூபாய். அதுவும் அந்தக் கேள்விக்குள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதலில் இந்தத் தொழிலில் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கமிஷன் மண்டி தெரிந்தவர்களுக்கு இது புரியும். விவசாயி தக்காளி கொண்டுவந்து இறக்குகிறார். மண்டிக்காரர் ஏலம் போட்டு, கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். இங்கே தக்காளி என்பது வாசகர் பக்கத்தைத் திறந்து பார்க்கும் அந்த நேரம். திறந்த கண்ணிமைப்பில் விளம்பரக்காரர்களுக்குள் ஏலம் நடக்கிறது. மண்டி கூகுளுடையது, 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் என்ற ஏற்பாடு. யூடியூப் நீளப் படங்களில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் படம் போட்டவருக்கு, 45 சதவீதம் மண்டிக்கு. நம் ஊரில் இப்படி ஒரு கமிஷன் கேட்டால் மண்டிக்காரர் வீடு போய்ச் சேர முடியாது!

தமிழுக்கு இந்த மண்டி திறந்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் நூற்றுக்கணக்கானோர் தமிழில் வலைப்பூ எழுதினார்கள். பெரும்பாலும் கைக்காசு போட்டு, ஆசைக்கு எழுதினார்கள். அதே ஆண்டுதான் யூடியூபும் வாசலை உயர்த்தியது. 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பரப் பணத்தில் பங்கு என்றார்கள். 100 டாலர் சேராமல் பணம் கைக்கு வராது. சேர்ந்தாலும் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கு மேல்தான்.

விலையும் ஒரே விலையன்று. அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் ஒரு விலை, மேடவாக்கத்தில் ஒருவர் பார்த்தால் அதில் சிறு பகுதி. காப்பீடு, கடன் பற்றி எழுதினால் ஏலம் ஏறும். ரசம் வைப்பது பற்றி எழுதினால் அவ்வளவு ஏறாது. சீசனும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளம்பரக் கம்பெனிகள் கையைத் தாராளமாக நீட்டும். ஜனவரி பிறந்ததும் இறுக்கிக்கொள்ளும். நமக்குத் தை மாதம் பொங்கல் வியாபாரம். அவர்களுக்குத் தைதான் ஆடி. நம் அன்பர் கேள்வியோடு வந்ததோ சீசன் உச்சியில்.

இவையாவது வருடா வருடம் வருவது, எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பாராமல் வருவதுதான் முதலையே சாய்க்கிறது. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று அதற்குப் பெயர். முதல் பக்கத்தில் தெரிந்துகொண்டிருந்த எத்தனையோ தளங்கள் ஓரிரு நாளில் பின்னுக்குப் போயின. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் பேர் வாங்கி, அந்தப் பேரை வைத்துப் பிழைத்தவர்கள் மறுநாள் காலை வேறு இடத்தில் முதல் வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. 2024-இல் தேடல் பக்கத்தின் உச்சியில் இயந்திரமே பதிலைச் சொல்லும் வசதி வந்தது. பதில் அங்கேயே கிடைத்தால், எழுதினவர் பக்கத்துக்கு ஆள் எதற்கு வருவார்? கடை வாசலில் மேம்பாலம் கட்டினால் நமக்கு என்ன ஆகுமோ அதுதான் இது. நமக்காவது பாலம் வரப்போவது நாலு வருடம் முன்பே தெரியும்.

பெரிய பேர் எடுத்தவர்களுக்கும் இதுதான் கதை. அமெரிக்காவில் ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெண்மணி 2001-இல் டூஸ் என்ற வலைப்பூவைத் தொடங்கினார். அதில் எழுதியதற்காகவே 2002-இல் அவருக்கு வேலை போனது. 2004-இல் விளம்பரம் போட ஆரம்பித்தார். வருமானம் பெருகி, அடுத்த வருடம் கணவரும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். உலகம் முழுதும் பேசப்பட்டார். பிறகு பக்கத்தில் ஒட்டும் விளம்பரத்தின் விலை இறங்கியது. கம்பெனிகள் சொல்கிறபடி எழுதினால்தான் காசு என்ற நிலை வந்தது. 2015-இல் அந்தப் பிழைப்பே வேண்டாம் என்று ஒதுங்கினார். 2023-இல் காலமானார். எழுத்தில் குறையில்லை, வாங்குபவன் விலையை மாற்றிவிட்டான்.

"புதுக்கோட்டைக்காரர்களைப் பாருங்கள்" என்று பையன்கள் சொல்வார்கள். உண்மைதான். சின்ன வீரமங்கலத்து விவசாயக் குடும்பம் ஒன்று, பெரியவரும் பேரன்மாருமாக, 2018-இல் வயல்வெளியில் சமைத்துப் படம் போட ஆரம்பித்தது. 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் நம் மார்க்கெட்டில் ஒருவர் மூன்று மாடி கட்டினார் என்பதற்காக, வரிசையில் உள்ள எல்லோருக்கும் மாடி வந்துவிடுவதில்லை.

நமக்கு இன்னொருவரைக் காட்டத் தோன்றுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய நாள் முதல், மழை என்றால் நம்மில் பலர் பால், ரொட்டி, மெழுகுவர்த்தி எவ்வளவு எடுப்பது என்பதை 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதுவதைப் படித்த பிறகே முடிவு செய்கிறோம். லட்சக்கணக்கானோர் படிக்கும் காலத்திலும் அவர் ஓர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதி வந்தவர்.

சரி, நம் அன்பரின் கணக்குக்கு வருவோம். பையனை வரச் சொன்னோம். "தம்பி, 41,000-ஐ விடு. முதல் மாதத்திலிருந்து சொல்லு" என்றோம். இரண்டு வருடக் கணக்கை நம் சிட்டையிலேயே எழுதினோம். முதல் ஒன்பது மாதம் ஒன்றுமில்லை. அடுத்த பதினைந்து மாதத்தில் அதிகம் 41,000, குறைவு 6,200, மொத்த வரவு 2,86,000. செலவில் கேமராவும் விளக்கும் 92,000, கம்ப்யூட்டர் தவணை 38,000, இணையக் கட்டணமும் சில்லறையும் 20,000. "சமைக்கச் சாமான்?" என்றோம். "அது கடையிலிருந்துதானே, பெரியப்பா" என்றான். அந்தச் சாமான் எந்த ஏட்டிலும் ஏறவில்லை! நிதானமாகக் கணக்குப் பார்த்தால் 24,000. ஆக மொத்தச் செலவு 1,74,000. நின்றது 1,12,000. இருபத்து நான்கு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 4,700-கூட இல்லை. அவன் உழைப்புக்குக் கூலி போடாமலே. அன்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரி விஷயமும் சும்மா விடக்கூடியதன்று. 2021 ஜூன் முதல் அமெரிக்கப் பார்வையாளர் வழியாக வரும் யூடியூப் வருமானத்தில் அந்நாட்டு வரி பிடிக்கிறார்கள். 1,000 டாலர் வருமானத்தில் 100 டாலர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். வரிப் படிவம் கொடுத்து ஒப்பந்தச் சலுகை கேட்டவருக்கு 15 டாலர் பிடிப்பு. படிவமே கொடுக்காதவருக்கு மொத்தத்தின் மீது 240 டாலர் வரை போகலாம். ஒரு தாள்தான் வித்தியாசம். இங்கே வருமான வரிக் கணக்கும் காட்ட வேண்டும். கம்பெனிகள் இனாமாக அனுப்பும் மிக்ஸி, குக்கர் கூட, ஒரே இடத்திலிருந்து வருடம் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் வரிப் பிடித்தத்துக்குள் வரும் என்று 2022 ஜூலையில் விதி வந்தது. ஆடிட்டரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பையன் எழுத்தை விடவில்லை. விடச் சொல்லவும் இல்லை. கடையும் திறந்திருக்கிறது. காலை வியாபாரம் முடிந்த பிறகு எழுதுகிறான். சமையலுக்கு எடுக்கும் சாமான் சிட்டையில் அவன் பேரில் பற்று. வீட்டுச் செலவுக்கு, போன பன்னிரண்டு மாதத்தில் எது குறைந்த மாதமோ அந்த அளவுதான். மீதி தனிக் கணக்கில் கிடக்கிறது. ஜனவரி வருமானமாகப் பிப்ரவரிக் கடைசியில் வந்தது 17,000 ரூபாய். கடையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்பரே சொல்லிக்கொண்டார்.

இதற்கிடையில் அவன் குறிப்பைப் படிக்கும் சிலர், அந்தச் சாம்பார்ப் பொடியை அரைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வாங்கி, அரைத்து அனுப்புகிறான். அளவு சிறிதுதான். ஆனால் அதில் விலையை அவனே வைக்கிறான், பணமும் சரக்கு போகும்போதே வருகிறது. மிளகாயும் மல்லியும் நம்மிடம்தான் எடுக்கிறார்கள். பழைய பாக்கியில் 40,000 அடைந்திருக்கிறது. இணையப் பணம் வங்கிக்கு வந்துசேரத் தோதாக, அவருடைய மாதக் கெடுவை 20-ஆம் தேதியிலிருந்து 28-க்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.