எரர் வராத ஸ்லைஸ்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்லைஸ் எடுக்கும்போது எல்லை தாண்டி எரர் வராமலிருக்க என்ன வழி என்று கேட்டிருந்தாய். நீ எழுதுவது பைத்தான். அதில் ஸ்லைஸ் எல்லை தாண்டினால் எரரே வராது. என் கவலையும் அதுதான்.

மூன்று உறுப்புகள் உள்ள லிஸ்டில் [5] கேட்டால் இண்டெக்ஸ் எரர் வந்து நின்றுவிடும். [2:10] கேட்டுப்பார்: எட்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றைத் தந்துவிட்டுப் பேசாமலிருக்கும். கடைசி 30 நாள் மழையளவுக்குச் சராசரி எடுக்கிறாய் அல்லவா? புதிய மழைமானியில் 12 நாள் கணக்குதான் இருந்தால், உன் நிரல் அந்த 12-ஐக் கூட்டி 30-ஆல் வகுக்கும். வரும் சராசரி உண்மையான சராசரியில் பாதிகூட இருக்காது, ஒரு எச்சரிக்கையும் இருக்காது.

அந்த 30-ஐப் பயனர் தருவதாக மாற்றினால் இன்னொரு குழி காத்திருக்கிறது. [-3:] கடைசி மூன்றைத் தரும். ஆனால் -0 என்பதும் 0 தானே, பூஜ்யம் கேட்டவருக்கு மொத்த லிஸ்டும் போய்விடும். சரி, நீளத்திலிருந்து கேட்ட எண்ணைக் கழித்து அங்கிருந்து எடுக்கலாம் என்பாய். மூன்றில் ஐந்து கேட்டால் விடை -2. கடைசி இரண்டு மட்டும் வரும். கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே இறங்காமல் மேக்ஸ் போட்டுத் தடுத்துவிடு.

ரஸ்ட் மொழியின் 'கெட்' எனக்குப் பிடிக்கும். எல்லைக்குள் இல்லாவிட்டால் 'நன்' என்று சொல்லிவிடும், அதற்கு என்ன செய்வதென்று நீ எழுதியே ஆகவேண்டும். சி மொழி எதையும் பார்க்காது. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை அப்படிப்பட்டதுதான். வந்த செய்தி தன் நீளமாகச் சொன்னதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் அப்படியே நம்பியது; உண்மையில் எத்தனை பைட் வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. பக்கத்து நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை வெளியே போனது, கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் உட்பட.

சி எழுத நேர்ந்தால், தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடாதே. கூட்டல் நிரம்பி வழிந்து சிறிய எண்ணாகிவிடலாம். தொடக்கம் மொத்தத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார். பிறகு மொத்தத்தில் தொடக்கத்தைக் கழித்து, மீதியோடு நீளத்தை ஒப்பிடு.

காலி லிஸ்ட், பூஜ்யம், சரியாக நீளத்தளவு, அதற்கு ஒன்று கூட: நான்கையும் டெஸ்டில் வை. அதற்கு முன், 12 நாளே இருந்தால் 12-ஆல் வகுப்பதா, 'தரவு போதாது' என்று சொல்வதா என அந்த மழைக்கணக்கைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்