செட்டிங்குக்குக் கூலி கேளுங்கள்

செம்பூர், மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. உடைந்த கட்டரின் படத்தைவிடப் பித்தளைத் தகட்டின் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். இடது ஓரத்தில் எழுத்துகள் மெலிந்திருக்கின்றன, வலது ஓரத்தில் தடித்திருக்கின்றன. ஒரே புரோகிராம், ஒரே கட்டர். "கம்ப்யூட்டரில் சிமுலேஷன் சுத்தமாக ஓடுகிறது, மிஷினில் மட்டும் ஏன் இப்படி வருகிறது? வேறு சாஃப்ட்வேர் படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போதைக்கு அதற்காக ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள். கோளாறு செட்டிங்கில் இருக்கிறது. அதற்கும் நீங்கள் ஒருவர் மட்டும் பொறுப்பில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டர். அரை மில்லிமீட்டர், இரண்டு பல். தாராவியின் தொண்ணூறடி ரோட்டுக் காலாவில், அதாவது பட்டறையில், நீங்கள் ஓட்டிய என்கிரேவிங் மிஷினில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று, ஃபீட் 400 மில்லிமீட்டர். இரண்டு பல் என்பதால் ஒரு நிமிடத்தில் 48,000 வெட்டு. 400ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பல் ஒரு முறைக்கு எடுப்பது எட்டு மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதல். அதை அந்தக் கட்டர் தாங்கியது. இப்போது உங்கள் முதலாளி சேட் பழைய வி.எம்.சி. (வெர்டிகல் மெஷினிங் சென்டர்) ஒன்றை வாங்கிக் குர்லா பக்கத்து எஸ்டேட்டில் போட்டிருக்கிறார். மூன்று நான்கு டன் எடையைத் தாராவிச் சந்துக்குள் கொண்டுபோக வழியில்லை என்பதால் அவர் செய்தது சரிதான். நீங்கள் அதே புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அங்கே ஓட்டினீர்கள். அந்த ஸ்பிண்டிலின் உச்சம் 8,000. அதற்கு மேல் கேட்டால் சில மிஷின்கள் அலாரம் அடித்து நின்றுவிடும். உங்களுடையது சத்தமில்லாமல் 8,000இலேயே ஓடியிருக்கிறது. ஃபீட் மட்டும் 400 ஆகவே இருந்தது. ஒரு பல்லின் மேல் விழுந்தது 25 மைக்ரான், அதாவது முன்பைவிட மூன்று மடங்கு. அந்த மெல்லிய கார்பைடு உடையாமல் என்ன செய்யும்? ஃபீடை 130 அளவுக்கு இறக்கியிருந்தால் பிழைத்திருக்கும்.

இந்தக் கணக்கைச் சிமுலேஷன் போட்டுக் காட்டாது. திரையில் ஓடும் கட்டருக்கு எலும்பும் இல்லை, வலியும் இல்லை. மிஷின் மாறினால் ஸ்பிண்டில் வேகத்தையும் ஃபீடையும் காகிதத்தில் மறுபடி கணக்குப் போட்டுவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும்.

கட்டரைப் பிடிக்கும் கோலெட்டையும் கவனியுங்கள். ஒரு பல் எட்டு மைக்ரான் எடுக்கும் வேலையில், கட்டர் இருபது மைக்ரான் ஆட்டத்தோடு சுழன்றால் ஒரு பல் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ளும், இன்னொன்று சும்மா சுற்றும். கோலெட்டின் உள்பக்கம், நட்டின் சரிவு, ஹோல்டரின் டேப்பர் ஆகிய மூன்றையும் துணியால் துடைத்துவிட்டு, ஷாங்கில் லீவர் டயல் போட்டு, ஸ்பிண்டிலைக் கையால் திருப்பிப் பாருங்கள். நாக்தேவி தெருவில் கோலெட் பல விலைகளில் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டர்களுக்கென்று நல்ல கோலெட் ஒன்றை வாங்கித் தரச் சொல்லி, அதை வேறெதற்கும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் பேரலலிலும் டேப்பரிலும் ஒரே இரவில் துரு பூத்துவிடும். எண்ணெய் தடவாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

இனி தகட்டுக்கு வருகிறேன். நீங்கள் செய்வது மணிபர்ஸிலும் பெல்ட்டிலும் பெயர் பதிக்கும் பிளேட். எழுத்து மேலே நிற்க வேண்டும், சுற்றியுள்ள பித்தளை கீழே போக வேண்டும். அரை மில்லிமீட்டர் என்பது கட்டரின் நுனிதான். எழுத்தின் சுவர் சரிவாக நிற்பதற்காக 60 டிகிரி டேப்பர் கட்டரைப் பயன்படுத்துகிறீர்கள். டேப்பர் கட்டரில் உயரப் பிழை அகலப் பிழையாக மாறிவிடும். தகட்டின் ஒரு ஓரம் 0.1 மில்லிமீட்டர் தூக்கியிருந்தால், அந்த இடத்தில் கட்டரின் அகலமான பகுதி எழுத்தின் தலையை உரசும். 60 டிகிரி என்றால் பக்கத்துக்கு 0.058, இரண்டு பக்கமும் சேர்த்து 0.115 மில்லிமீட்டர் எழுத்திலிருந்து காணாமல் போகும். கோட்டின் அகலமே 0.4 என்னும்போது கால்வாசிக்கு மேல் போய்விட்டது. உங்கள் படத்தில் இடது ஓரம் மெலிந்ததற்குக் காரணம் இதுதான். வலது ஓரம் தாழ்ந்திருந்தது, அதனால் அங்கே தடித்தது.

மூன்று மில்லிமீட்டர் தகட்டை வைஸில் வைத்து இறுக்கினால் நடுவில் வில்லாக வளையும். கிளாம்ப் போட்டால் கிளாம்ப் இல்லாத பக்கம் தூக்கும். வளையாத கனமான அலுமினியப் பிளாக் ஒன்றை வைஸில் கட்டி, அதன் மேல்முகத்தை அந்த மிஷினிலேயே ஃபேஸிங் எடுங்கள். தகட்டை இரட்டைப் பக்க டேப்பாலோ ஒட்டுப் பசையாலோ அதன்மேல் ஒட்டி, தகட்டின் மேல்முகத்தையும் லேசாக ஃபேஸிங் எடுத்துவிட்டு, கழற்றாமல் அப்படியே எழுத்தை வெட்டுங்கள். ஸ்பிண்டில் எந்தத் தளத்தில் நகர்கிறதோ அந்தத் தளத்திலேயே தகடும் அமைந்துவிடும். இசட் ஜீரோவை ஃபேஸிங் எடுத்த பிறகு அந்த முகத்தில் எடுங்கள். முன்பே எடுத்து வைத்த ஜீரோ அதற்குப் பிறகு செல்லாது.

பித்தளையைப் பற்றி ஒன்று. "ஒரு நாள் தூளாக உதிர்கிறது, இன்னொரு நாள் கட்டரில் ஒட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கீகா தெருவில் பித்தளை என்று கேட்டு வாங்கினால் இரண்டு விதமாகவும் வரும். ஈயம் கலந்த ஃப்ரீ கட்டிங் பித்தளைக்கு ஐ.எஸ். 319 என்று இந்தியத் தரம் உண்டு. கடைசல் வேலைக்கு விற்கும் ராடுகள் பெரும்பாலும் அதுதான், சில்லு பொடிப்பொடியாக உதிரும். தகடாக வருவது பல நேரம் 63/37 வகை. வளைப்பதற்கும் அழுத்துவதற்கும் ஏற்றது, வெட்டினால் இழுபடும், ஓரத்தில் பர் (பிசிறு) நிற்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வாங்கும்போதே பில்லில் கிரேடை எழுதி வாங்கி, மீதித் துண்டின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தமிழ் எழுத்து பிளேட் செய்ய ஆசைப்பட்ட இடம்தான். ஆங்கிலத்தைவிடக் கடினமான வேலை. ணகரத்தையும் ஜகரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மில்லிமீட்டர் உயர எழுத்தில் சுழியின் உள்வெளி மிகக் குறுகலாக இருக்கும். கட்டர் உள்ளே நுழைய இடமில்லை என்றால் சாஃப்ட்வேர் உங்களைக் கேட்காமலே அந்தச் சுழியை வெட்டாமல் விட்டுவிடும். தோலில் ண வராது, ஒரு கறுப்புக் கட்டி வரும். மெல்லிய, சீரான கோடுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய இடைவெளியை முதலில் அளந்து, அதற்குத் தகுந்த கட்டரை முடிவு செய்யுங்கள். பெரிய கட்டரால் சுற்றுப்புறத்தைக் காலி செய்துவிட்டுச் சுழிகளுக்கு மட்டும் சின்னதை அனுப்பலாம். ஆனால் இரண்டு கட்டருக்கும் டூல் ஹைட் ஒரே ஸ்லிப் கேஜில், ஒரே கை அழுத்தத்தில் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் படி தெரியும்.

பிளேட்டில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? அதை வரைபடத்திலேயே திருப்பிவிட்டுப் பிறகு கட்டரின் பாதையை உண்டாக்குங்கள். மிஷினின் ஜி51.1 மிர்ரர் கட்டளையால் திருப்பாதீர்கள். பாதை திரும்பும்போது வெட்டும் திசையும் திரும்பிவிடும். கிளைம்ப் மில்லிங்காக ஓடியது கன்வென்ஷனல் ஆகிவிடும், எழுத்தின் ஓரத்தில் பர் ஏறும். வேலை முடிந்ததும் பிளாக்கிலிருந்து தகட்டைப் பெயர்க்கும் முன், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அழுத்தி எடுத்துப் படித்துப் பாருங்கள். குறை தெரிந்தால் ஜீரோ கலையாமல் அங்கேயே சரி செய்யலாம்.

கட்டர் உடைவதைவிடப் பெரிய ஆபத்து மோதல். வி.எம்.சி. புதிது என்பதால் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய ஃபானுக் கண்ட்ரோல்கள் பலவற்றில் எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைக்காவிட்டால் அது மில்லிமீட்டராகாது, மைக்ரானாகும். இசட் 100 என்று எழுதிப் புள்ளியை விட்டால் கட்டர் மேலே போவது 0.1 மில்லிமீட்டர்தான். அடுத்த வரியில் ரேப்பிடில் எக்ஸ் நகரும்போது எதிரே கிளாம்ப் நிற்கும். துளையிட்ட காகித நாடாவில் புரோகிராம் ஓடிய காலத்தில் எல்லா எண்ணையும் மிகச் சிறிய அளவில் எண்ணி எழுதினார்கள். அந்த வழக்கம் கண்ட்ரோலுக்குள் இன்னும் இருக்கிறது. ஒரு பாராமீட்டரை மாற்றினால் புள்ளியில்லாத எண்ணும் மில்லிமீட்டராகிவிடும். அதனால்தான் ஒரு மிஷினில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் அடுத்த மிஷினில் மோதுகிறது. நீங்கள் எப்போதும் புள்ளி வையுங்கள்.

ஜி28 இசட்0 என்பதற்கு முன் ஜி91 இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜி90இல் இருந்தால் கட்டர் முதலில் ஜாபின் ஜீரோவுக்கு இறங்கிவிட்டுத்தான் ஹோமுக்குப் போகும். ஐந்தாம் டூலுக்கு ஜி43இல் எச்5தானா, ஜி54இல் இருப்பது நேற்றைய ஜாபின் ஜீரோவா, இதையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். புதிய புரோகிராம் என்றால் எக்ஸ்டர்னல் ஆஃப்செட்டின் இசட்டில் 50. கொடுத்து ஒரு முறை காற்றில் ஓட்டுங்கள், பிறகு மறக்காமல் அதைப் பூஜ்யமாக்குங்கள். நிஜ ஓட்டத்தில் முதல் இறக்கம் சிங்கிள் பிளாக்கில், ரேப்பிடைக் குறைந்த அளவில் வைத்து. திரையில் டிஸ்டன்ஸ் டு கோ 30 காட்டும்போது கட்டருக்கும் ஜாபுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரம் வேண்டும். வெட்டுக்கு 35 நிமிடம், செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, அந்த இரண்டு மணியைச் சேட் வீண் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது இந்த வரிதான். சிஞ்ச்வாடில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒரு முறை இரண்டு மணி நேரம் செட் செய்து ஆயிரம் பாகம் ஓட்டினால் ஒரு பாகத்துக்குச் செட்டிங் ஏழு விநாடி. உங்களிடம் வருவது ஒரே ஒரு பிளேட். இரண்டு மணி நேரமும் அந்த ஒரு பிளேட்டின் தலையில்தான் விழும். அதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. ஆனால் கொட்டேஷனில் 35 நிமிடத்துக்கு மட்டும் விலை போடுகிறார்கள். மீதி நேரத்தை உங்கள் மதிய உணவிலிருந்தும் இரவுத் தூக்கத்திலிருந்தும் எடுக்கிறார்கள். டயல் போடாமல், ஃபேஸிங் எடுக்காமல் பட்டனை அமுக்க வைப்பது இந்த அவசரம்தான். இதை அநியாயம் என்றே நான் சொல்வேன்.

நேரத்தைக் குறைக்க நேர்மையான வழி உண்டு. 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். மிஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே வெளியில் செய்து வைக்கக்கூடியது எது என்று அவர் பிரித்தார். நீங்களும் பிரிக்கலாம். தகடு அறுப்பது, அடுத்த கட்டரைக் கோலெட்டில் பூட்டுவது, ஃபீட் கணக்கு எல்லாம் முந்தைய ஜாப் ஓடும்போதே முடியும். அலுமினியப் பிளாக்கை வைஸிலிருந்து கழற்றாமல் வைத்தால் எக்ஸ், ஒய் ஜீரோ நிலைத்து நிற்கும். ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு தாளில் ஜீரோ எடுத்த மூலை, கட்டரின் அளவு, வெளியே நீட்டிய நீளம், வேகம், ஃபீட், பித்தளைக் கிரேடு, ஆன நேரம் எல்லாம் எழுதுங்கள். அதே கடைக்காரர் ஆறு மாதம் கழித்து அதே பிளேட்டைக் கேட்டால் அந்தத் தாள் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். அந்தத் தாள்களைச் சேர்த்துச் சேட்டின் முன் வைத்து, கொட்டேஷனில் செட்டிங் என்று தனி வரி போடச் சொல்லிப் பேசுங்கள். உடைந்த கட்டர்களின் பில்லையும் பக்கத்தில் வையுங்கள். வியாபாரிக்குக் கணக்கு புரியும்.

படிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு: சூனாபட்டியில் ஐடெமி இருக்கிறது. 1969இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், டூல் ரூமும் பயிற்சி வகுப்புகளும் உண்டு. தாராவியிலிருந்து பக்கம்தான், நேரில் போய் விசாரியுங்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் எச்.எம்.டி. தொகுத்த 'ப்ரொடக்‌ஷன் டெக்னாலஜி' பழைய பிரதி கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கிலம்தான், ஆனால் வேகம், ஃபீட் பற்றிய பகுதியை உங்களால் படிக்க முடியும்.

அடுத்த பிளேட்டை ஒட்டி, ஃபேஸிங் எடுத்து வெட்டியதும் நான்கு மூலை எழுத்துகளின் கோட்டு அகலத்தையும் அளந்து எழுதுங்கள். ஷாங்கில் டயல் காட்டிய ஆட்டம் எவ்வளவு என்பதும் வேண்டும். நான்கு மூலையும் ஒன்றாக வந்தால் ணகரத்தின் சுழிக்கு எந்தக் கட்டர் என்று அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்