பகா எண்ணும் சீட்டுக் குலுக்கலும்

தங்கா பத்துப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு மாதிரி எடுத்துச் சோதிப்பது புதிதல்ல. பாலில் ரப்பர் எவ்வளவு என்றறிய எல்லாப் பாலையும் உறைய வைப்பதில்லை. நன்றாகக் கலக்கி ஒரு கரண்டி எடுப்பார்கள். கணினியும் சில கேள்விகளுக்கு இப்படித்தான் விடை தேடுகிறது. அதில் ஒன்றை மட்டும் இங்கு விளக்க முயல்கிறேன்.

ஓர் எண் பகா எண்ணா? 91 என்றால் 7ஆல் வகுத்துப் பார்த்துவிடலாம். முந்நூறு இலக்க எண்ணை அப்படி வகுத்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. இணையத்தில் இரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்கோ அத்தகைய பகா எண்கள் தேவை.

பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா ஒரு விதியைக் கண்டார். 'ப' பகா எண் என்றால், அதைவிடச் சிறிய எந்த எண்ணையும் (ப−1) அடுக்குக்கு உயர்த்தி 'ப'ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 91க்கு 2ஐ எடுத்து 90ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள், மீதி 64. குட்டு வெளிப்பட்டது! 3ஐ எடுத்தாலோ மீதி 1 வந்து நம்மை ஏமாற்றும். கணக்கிட்டுப் பார்த்தேன்: 1 முதல் 90 வரை 36 எண்கள் ஏமாற்றுகின்றன, 54 காட்டிக்கொடுக்கின்றன. பெரிய எண்ணில் எது எந்தக் கட்சி என்று முன்கூட்டித் தெரியாது; ஆகவே குலுக்கி எடுக்கிறோம்.

561 போன்ற பொல்லாத எண்களும் உண்டு. அதன் காரணிகளான 3, 11, 17 ஆகியவற்றால் வகுபடாத அத்தனை எண்களும் ஏமாற்றும். மில்லர் (1976), ராபின் (1980) ஆகியோர் சோதனையைக் கடுமையாக்கினர். அதில் எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் கால் பங்குக்கு மேல் ஏமாற்றும் எண்கள் இல்லை. பத்து முறை குலுக்கினால், பகு எண் தப்பும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அப்படியானால் குலுக்கல் இல்லாமல் முடியவே முடியாதா? 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் 'முடியும்' என நிறுவினர். இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாத, குலுக்கலே இல்லாத வழி அது. எனக்கு இதில் பிடித்தது, மாணவர் இருவரும் அப்போதுதான் இளங்கலைப் படிப்பை முடித்திருந்தார்கள் என்பது. ஆயினும் நடைமுறையில் குலுக்கலே வேகமானது. மென்பொருள்கள் இன்றும் அதையே நம்புகின்றன.

குலுக்கலால் விரைந்து தீரும் எல்லாக் கணக்குகளுக்கும் இப்படிக் குலுக்கலற்ற வழி உண்டா? உண்மையிலேயே மிகக் கடினமான சில கணக்குகள் இருக்குமானால் உண்டு என 1997இல் இம்பாக்லியாசோவும் விக்டர்சனும் காட்டினர். அந்த 'இருக்குமானால்' இன்னும் நிறுவப்படவில்லை. நீண்ட இரு இயற்கணிதக் கோவைகள் சமமா என்று பார்க்க, எழுத்துகளுக்குப் பதில் குலுக்கி எடுத்த எண்களைப் போட்டுப் பார்ப்பதே இன்றும் கையிலுள்ள விரைவான வழி.