குப்பத்திலிருந்து தேர்தல் வேலைக்கு

தேர்தல் நெருங்கினால் கட்சிகளின் ஐடி விங்குகள் ஆள் தேடும். பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் தாராளமாகப் போகலாம். ஆனால் போஸ்டர் வடிவமைக்கவும் ரீல்ஸ் வெட்டவும் சென்னையிலேயே ஆள் கிடைக்கும். ஊர்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு முறையில் இன்று எந்த ஊர் வலை இறங்கும், முகத்துவாரம் தூர்ந்தால் யார் வீட்டில் அடுப்பெரியாது, எந்தக் குப்பத்தில் யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சம்பளம் பேசும்போது இதை முன்னால் வையுங்கள்.

இந்த அறிவு தேர்தலில் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகமே சாட்சி. 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அந்தத் துறைமுகத்தை, ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன் சரக்கு கையாளும் அளவுக்கு விரிவுபடுத்தத் திட்டம் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள். மீனவ ஊர்கள் எதிர்த்து நின்றன. சென்னை இளைஞர்கள் படங்கள், சிறு வீடியோக்கள், ஹேஷ்டேக் என்று இணையத்தில் இறங்கினார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு அரித்துப்போனால் வெள்ளம் நகரத்துக்கும் வரும் என்று அவர்கள் சொன்னதுதான் திருப்பம். அதுவரை மீனவர் பிரச்சினையாக இருந்தது சென்னை வாக்காளரின் பிரச்சினையும் ஆனது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 6-ல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் விரிவாக்கத்தைத் தடுப்போம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி நாள் குறித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். இணையம் தனியாக இதைச் சாதித்துவிடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஊர் கூடி நின்றது, இணையம் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோனது.

வேலையில் சேர்ந்ததும் நேரத்தைக் கவனியுங்கள். கரையேறி, மீன் ஏலம் முடித்து, வலையைச் சரிசெய்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பார்கள். அதற்கேற்ப அனுப்புங்கள். நீண்ட பதிவை யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும், அதுவும் நம்மூர்ப் பேச்சில். கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பலரை எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் பார்க்க முடியாது. அங்கே நடந்துதான் போகவேண்டும்.

போகிற இடமெல்லாம் வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். புதிதாகச் சேர படிவம் 6, திருத்தம், முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, சந்தேகத்துக்கு 1950 என்ற உதவி எண். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பெயரைச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு உங்கள் குரலைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

சட்டத்தில் அசட்டை வேண்டாம். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும். பணம் கட்டி இணையத்தில் போடும் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி தேவை. உங்கள் சம்பளமும் தேர்தல் செலவுக் கணக்கில் சேரும். எனவே தொகையை எழுத்தில் வாங்குங்கள், வாரக் கூலியாகக் கேளுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பொதுப் பிரசாரம் கிடையாது. எதிராளியின் குரலைப் போலியாகச் செய்யச் சொன்னால் அந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து வாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை போன் நம்பர்களைப் பற்றித்தான். சங்க குரூப்பிலும் சுயஉதவிக் குழு குரூப்பிலும் இருக்கும் எண்களை மொத்தமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த எண்கள் உங்களை நம்பித் தரப்பட்டவை. அந்த நம்பிக்கை போனால் அடுத்த தேர்தலுக்கு உங்களை எந்தக் கட்சியும் தேடாது, உங்கள் குப்பமும் தேடாது.

வேட்பாளர் பழவேற்காட்டில் நின்று பேசும் ஒவ்வொரு வாக்குறுதியையும் தேதியோடு வீடியோவாக எடுத்துச் சேமித்துவையுங்கள். துறைமுக விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்பு மறுபடி அறிவிக்கப்பட்டால் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். திட்டச் சுருக்கம் கலெக்டர் அலுவலகத்தில் தமிழிலும் இருக்கவேண்டும். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சுருக்கத்தை வாங்கி, பழைய வீடியோவையும் சேர்த்து, முதல் நாளே எல்லாக் குப்பத்து குரூப்புக்கும் அனுப்புங்கள்.