லண்டனில் ஓர் அந்நியர் இல்லம்

கப்பல் கரை சேர்ந்தால் மாலுமியின் துன்பம் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் துறைமுகத்தில் இறங்கிய இந்திய மாலுமிகளுக்கோ துன்பம் அங்கேதான் தொடங்கியது. 'லஸ்கர்' எனப்பட்ட அவர்கள், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும் வரை அங்கே காத்திருக்க நேர்ந்தது. மொழி தெரியாது, குளிருக்கேற்ற உடையும் இல்லை. மோசமான விடுதிக்காரர்கள் அவர்களுடைய கூலிப் பணத்தை ஏமாற்றிப் பறித்தனர். பசியாலும் குளிராலும் இறந்தவர்களும் உண்டு.

இதைக் கண்டு இரங்கிய நல்லோர் நிதி திரட்டினர். பஞ்சாபின் முன்னாள் மன்னர் துலீப் சிங் 500 பவுன் வழங்கினார். 1856-இல் இளவரசர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்டினார். 1857-இல் லைம்ஹவுஸ் பகுதியில், ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான 'அந்நியர் இல்லம்' திறக்கப்பட்டது.

அங்கே உணவும் படுக்கையும் கிடைத்தன. அவற்றினும் பெரிய உதவிகள் இரண்டு. மாலுமிகளின் பணம் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது. ஊர் திரும்பும் கப்பலில் வேலையும் தேடித் தரப்பட்டது. கிறிஸ்தவ ஊழியரான ஜோசப் சால்டர் இந்துஸ்தானி மொழியைக் கற்று, அவர்களுடன் பேசிப் பழகினார். 1937-இல் இவ்வில்லம் மூடப்பட்டது.

பசித்தவனுக்கு உணவிடுவது இரக்கம். அவன் உழைத்த கூலியைக் காத்து அவனை வீடு சேர்ப்பது நீதி. இரண்டும் இணைந்ததே உண்மைத் தொண்டு என்பதை இவ்வில்லத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.