வாடகை வீட்டுக் குளியலறை: சுவரைத் துளைக்காமல் பாதுகாப்புச் செய்வது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளி, முதற்சில நாள்களில் பெரும்பாலும் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையில்தான் நடக்கிறார். இடுப்பெலும்பு அறுவை முடிந்தவர், பக்கவாதத்திலிருந்து மீள்பவர், சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்வு குன்றியவர் ஆகிய அனைவருக்கும் அந்தச் சில அடித் தொலைவே கடினமானது. கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துமாறு நாங்கள் கூறும்போது, வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தினர் தயங்குவது இயல்பு. துளையிட உரிமையாளர் இசைய வேண்டும். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் நேருமோ என்ற அச்சமும் உண்டு. மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் அத்தகைய வீடுகளில் வாழ்வோர்க்காக இப்பாடத்தை எழுதுகிறோம். இதில் கூறப்படும் பொருள்கள் அனைத்தையும் வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம்.

முதன்மை விதி

உடல் எடையைத் தாங்க வேண்டிய பொருள், நான்கு கால்களுடன் தரையில் நிற்பதாக இருக்க வேண்டும். துளையிடாமல் சுவரில் அழுத்தி ஒட்டும் ரப்பர்க் கைப்பிடிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. சொரசொரப்பான சுவரிலும் டைல்ஸ் இணைப்புகளின் மீதும் அவை நன்கு ஒட்டுவதில்லை. ஒட்டியவையும் முன்னறிவிப்பின்றிக் கழன்றுவிடும். விழப்போகும் ஒருவரை அவை தாங்கமாட்டா. தண்ணீர்க் குழாய், துண்டுக் கம்பி, கைகழுவும் தொட்டி ஆகியவற்றையும் பிடிமானமாகக் கொள்ளலாகாது.

செலவின்றிச் செய்யத்தக்கவை

1. வாசலில் கால் துடைக்க இடும் பழஞ்சாக்கையும் துணியையும் அகற்றுங்கள். ஈரமான சாக்கு காலுடன் சேர்ந்து நழுவும்.

2. வாளியையும் சோப்பையும் உட்கார்ந்தவாறே எட்டும் இடத்தில் வையுங்கள். வாளியை உறுதியான பலகையின்மீது உயர்த்தி வைத்தால் குனிய வேண்டியதில்லை.

3. தரையைப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கொல்லைப்புறக் குளியலறைகளில் பாசி விரைந்து படரும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

4. நோயாளி உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் இட வேண்டாம். உட்புறம் திறக்கும் கதவின்மீது அவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க இயலாது. கதவைத் திறந்து வைத்து ஒரு திரைச்சீலை தொங்கவிட்டால் மானமும் காக்கப்படும்.

சிறு செலவில் வாங்கத்தக்கவை

வழவழப்பான டைல்ஸ் தரைக்கு, அடியில் உறிஞ்சும் குமிழ்கள் கொண்ட ரப்பர் விரிப்பு ஏற்றது. நாள்தோறும் அதைத் தூக்கி, அடியில் தேங்கிய சோப்புநீரைக் கழுவ வேண்டும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் அக்குமிழ்கள் பற்றுவதில்லை. அங்கு விரிப்பே வழுக்கிவிடும். அத்தரையைப் பாசியின்றி வைத்திருப்பதே போதுமானது.

நின்று குளிப்பதைத் தவிர்த்து நாற்காலியில் அமர்ந்து குளிப்பது நன்று. கைப்பிடி உள்ளதும், கால்களில் ரப்பர் உறை மாட்டியதுமான நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஈரத்தரையில் விரிந்துகொள்ளும்; அது வேண்டா. அமரும்போது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கலாகாது.

இரவில் எரிய, மின்னூட்டம் செய்யும் சிறு விளக்கு ஒன்றைக் கட்டிலருகிலும் மற்றொன்றைக் கழிப்பறை வழியிலும் வையுங்கள். கழிப்பறை கொல்லையில் தனியே இருந்தால், இரவுநேரத்துக்குச் சிறுநீர்க் கலம் ஒன்றைக் கட்டிலருகில் வைப்பதே பாதுகாப்பு.

குந்தி அமர இயலாதவர்க்கு

தரையோடு பதித்த கழிப்பறையை இடிக்க வேண்டியதில்லை. கமோடு நாற்காலியின் கலத்தை எடுத்துவிட்டு, நாற்காலியைக் கழிப்பறைப் பீங்கானின்மீது நிறுத்தலாம். வாங்குமுன் பீங்கானின் அகலத்தை அளந்து செல்லுங்கள். நான்கு கால்களும் பீங்கானுக்கு வெளியே சமதரையில் நிற்க வேண்டும். சில மருத்துவ உபகரணக் கடைகளில் இது வாடகைக்கும் கிடைக்கும். சில வாரங்களுக்கு மட்டும் தேவைப்படுவோர் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

சக்கர நாற்காலி செல்ல வேண்டிய வாசலில் படி இருந்தால், கழற்றக்கூடிய மரச்சாய்வு செய்யலாம். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது கணக்கு. 10 செ.மீ. படிக்கு 120 செ.மீ. நீளமுள்ள சாய்வு தேவை.

பராமரிப்போர் கவனத்துக்கு

இரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ உட்கொள்பவர் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். எழுமுன் ஓரிரு நிமிடம் கட்டில் விளிம்பில் அமரச் செய்யுங்கள். வாளியில் முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்றி, உங்கள் முழங்கையால் சூட்டைச் சோதியுங்கள். உணர்வு குன்றிய பாதத்துக்குச் சூடு தெரியாது.

அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு உறவினர் வந்து தங்கும் வீடுகளில், அவர்கள் வசதிக்காக நாற்காலியும் விரிப்பும் ஓரம் ஒதுக்கப்படுவதுண்டு. நோயாளி உள்ளே செல்லுமுன் அவை உரிய இடத்தில் உள்ளனவா என ஒருமுறை பாருங்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைபெறுகிறது. அதன்கீழ் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தால், குளியலறையையும் பார்க்குமாறு கேளுங்கள்.

விழுந்துவிட்டால்

உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தோன்றுதல், தலையில் அடி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவராயின், அதைத் தவறாது தெரிவியுங்கள்.

வீடு திரும்புமுன்

கழிப்பறை வாசலின் அகலம், படியின் உயரம், பீங்கானின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது தேவை, எது வேண்டா என்பதைச் செவிலியருடனும் இயன்முறை மருத்துவருடனும் அமர்ந்து முடிவு செய்யலாம். அதன்பின் கடைக்குச் செல்வது வீண்செலவைத் தவிர்க்கும்.